ருபெல்லா ஊசிக்குப் பிறகு மூட்டுவீக்கம்: வைரஸ் உள்ளே தங்கிவிட்டது என்று எப்போது எழுதலாம்?

மருந்துக்கண்காணி கேட்டது:

வணக்கம். ருபெல்லா கலந்த தடுப்பூசிக்குப் பிறகு வயதுவந்த பெண்களுக்கு மூட்டுவலி வருவதுண்டு என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த கட்டம்தான் குழப்புகிறது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 29. பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) போடப்பட்டது. 18ஆம் நாள் இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒரு முழங்காலும் வீங்கின. இரண்டு மாதம் கடந்தும் முழுதாக வற்றவில்லை. ருபெல்லா ஐ.ஜி.எம். (தொற்றோ ஊசியோ வந்ததும் முதலில் உருவாகும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். பக்கவிளைவுப் படிவத்தில் "தடுப்பூசி வைரஸ் மூட்டில் நிலைத்திருப்பதால் வந்த அழற்சி" என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாதென்றால் வேறென்ன சான்று வேண்டும்? ரத்தமா, மூட்டுநீரா, எந்தக் குழாயில் எடுப்பது? மூட்டுநீரில் வைரஸ் ஆர்.என்.ஏ. (அதன் மரபணுப் பொருள்) கிடைத்துவிட்டால் அத்தோடு வழக்கு முடிந்ததா? இரண்டாவது டோஸ் போடலாமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

---

முடக்குவாதப்பிரிவு எழுதியது:

ஐ.ஜி.எம். பாசிட்டிவை ஓரமாக வையுங்கள். ஊசி போட்ட சில வாரங்களில் அது பாசிட்டிவாக வருவதுதான் இயல்பு. ஊசி பிடித்திருக்கிறது என்பதைத் தாண்டி அது ஒன்றும் சொல்வதில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும்.

முதலில் கேட்க வேண்டியது, ஊசிக்கு முன் இவருக்கு ருபெல்லா எதிர்ப்பொருள் இருந்ததா என்பது. மூட்டுத் தொல்லை பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்குத்தான் வரும். ஏற்கெனவே ஐ.ஜி.ஜி. (நீண்ட நாள் நிற்கும் எதிர்ப்பொருள்) உள்ளவர் உடம்பில் போட்ட வைரஸ் பெருக இடமே கிடைக்காது, அங்கேயே அமுங்கிவிடும். உங்கள் உதாரணம் பிரசவம் முடிந்தவர் என்பது இந்த இடத்தில் வசதி. கர்ப்பகாலப் பரிசோதனையில் ருபெல்லா ஐ.ஜி.ஜி. பார்த்திருப்பார்கள், நெகட்டிவ் என்பதால்தானே ஊசியே போட்டிருப்பார்கள். அந்தத் தாளைத் தேடி எடுங்கள். 10 சர்வதேச அலகுக்கு மேல் என்று அதில் இருந்தால் உங்கள் படிவத்தின் பாதி வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. இன்று பெரும்பாலான ருபெல்லா ஊசிகளில் இருக்கும் ஆர்.ஏ. 27/3 என்ற வகை வைரஸால் வரும் மூட்டுவலி ஊசி போட்ட 1 முதல் 3 வாரத்துக்குள் தொடங்கும், ஒரு நாள் முதல் 3 வாரம் வரை இருக்கும், திரும்ப வருவது அரிது. எதிர்ப்பாற்றல் இல்லாத வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலி வரும். வீக்கம், சூடு, காலை இறுக்கம் என்று அழற்சியாகத் தெரிவது சுமார் 10 முதல் 30 சதவீதம் என்று எழுதுவார்கள். ஊசியில்லாமல் ருபெல்லா நோயே வந்த பெண்களில் மூட்டுத் தொல்லை 70 சதவீதம் வரை போகும். குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் ஊசியால் வருவது குறைவு.

18ஆம் நாள் தொடக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு மாதம் நீடிப்பதுதான் பொருந்தவில்லை.

இந்த இடத்தில் பலர் கோட்டைவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்கள் முடக்குவாதம் புதிதாகத் தலைகாட்டும் காலம். ஊசி போடுவதும் அதே வாரங்களில். ஆக, ஊசியே போடாவிட்டாலும் அந்த 29 வயதுப் பெண்ணுக்கு விரல் மூட்டு வீங்கியிருக்கக்கூடும். அதனால் ஆறு வாரம் தாண்டிய எந்த வீக்கத்துக்கும் ஆன்டி சி.சி.பி., ருமட்டாய்டு ஃபேக்டர் (இரண்டும் முடக்குவாதத்தைக் காட்டும் ரத்தச் சோதனைகள்), ஏ.என்.ஏ. (லூபஸ் போன்ற நோய்களுக்கு), ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (அழற்சி அளவு), ஹெபடைடிஸ் பி, சி, பார்வோவைரஸ் பி19 ஐ.ஜி.எம். எல்லாம் கட்டாயம். சிக்குன்குனியா உள்ள பகுதியானால் அதையும் சேருங்கள். பார்வோவைரஸ் இதே வயதுப் பெண்களில் இதே விரல் மூட்டுகளைத்தான் பிடிக்கும், லேசான தடிப்பும் வரும். நாள் கணக்கு மட்டும் தெரியாவிட்டால் இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

வலி வேறு, அழற்சி வேறு. படிவத்தில் இரண்டையும் ஒரே வார்த்தையில் போட்டுவிடுகிறார்கள். நடுவிரலின் நடுக்கணுவை இரு பக்கமும் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் பிடித்து அழுத்திப் பாருங்கள். எலும்பு நேரடியாகத் தட்டுப்பட்டால் அது வலி மட்டும். நடுவில் ரப்பர் போல ஏதோ மெத்தென்று தள்ளிக்கொடுத்தால் அது சவ்வு வீக்கம். கைக்குலுக்குவது போல உள்ளங்கை எலும்புகளைச் சேர்த்து அழுத்தும்போது முகம் சுளித்தால் அதையும் எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் பவர் டாப்ளர் (சவ்வின் ரத்த ஓட்டத்தைக் காட்டும்) அல்ட்ராசவுண்ட் போதும். எக்ஸ்ரேயில் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று: ஒரு தோள்மூட்டு மட்டும், அதுவும் ஊசி போட்ட கையில், 48 மணி நேரத்துக்குள் கடுத்தால் அது வைரஸ் விவகாரமே இல்லை. ஊசியைத் தோளின் உச்சிக்கு மிக அருகில் குத்திவிட்டதால் வரும் காயம் அது. அதை வைரஸ் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

---

வைரஸ்கூடம் எழுதியது:

ஆய்வகப் பக்கம் நான் சொல்கிறேன்.

ஐ.ஜி.எம்.மில் இன்னொரு பொறியும் இருக்கு. மூட்டுவாத நோயாளி ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் இருந்தால், அதுவே ஒரு ஐ.ஜி.எம்.; போய் ஐ.ஜி.ஜி.யைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மறைமுக எலைசாவில் (எதிர்ப்பொருளைத் தட்டில் பிடித்து அளக்கும் சோதனை) தட்டில் ருபெல்லா ஆன்டிஜன் மேல் நோயாளியின் பழைய ஐ.ஜி.ஜி. உட்கார்ந்திருக்கும், அதன் மேல் இந்த ஃபேக்டர் ஏறி உட்காரும், கிட் அதை ருபெல்லா ஐ.ஜி.எம். என்று படித்துவிடும். முடக்குவாதத்தைத் தேடிப் போனவருக்கு முடக்குவாதமே ருபெல்லா வேஷம் போட்டு வரும் கூத்து இது. நோயாளியின் ஐ.ஜி.எம்.மை மட்டும் முதலில் பிடித்துவைக்கும் ஐ.ஜி.எம். கேப்ச்சர் வகை எலைசா வையுங்க. அது இல்லையென்றால் சீரத்தை முதலில் ஐ.ஜி.ஜி. உறிஞ்சியோடு கலந்து வைத்துவிட்டுப் போடுங்க. பார்வோ ஐ.ஜி.எம்.மும் குறுக்கே பாய்ந்து காட்டுவதுண்டு.

அதைவிட உருப்படியான சோதனை ஐ.ஜி.ஜி. அவிடிட்டி, அதாவது எதிர்ப்பொருளின் பிடிப்பு வலு. ஒரே சீரத்தை இரண்டு வரிசையில் ஓடவிட்டு, ஒன்றை மட்டும் யூரியா கலந்த கரைசலால் கழுவுவது. புதிதாக உருவான எதிர்ப்பொருள் ஆன்டிஜனைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும், கழுவினால் போய்விடும். பழசு உடும்புப்பிடி, போகாது. பல கிட்களில் குறியீடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் தளர்வு, 60க்கு மேல் என்றால் இறுக்கம், இடையில் வந்தால் தீர்ப்பில்லை. உங்க கிட்டோட தாளில் போட்டிருக்கும் எல்லைதான் கணக்கு. ஊசிக்குப் பிறகு மூன்றாவது வாரத்திலேயே அவிடிட்டி இறுக்கமாக வந்தால் அவருக்குப் பழைய எதிர்ப்பாற்றல் இருந்திருக்கிறது. கர்ப்பகாலத் தாள் தொலைந்துபோனவர்களுக்கு இதுதான் மாற்றுவழி. ஒரு எச்சரிக்கை: ஊசியால் வரும் எதிர்ப்பொருள் நோயால் வருவதைவிட மெதுவாகத்தான் இறுகும், அதனால் மூன்று மாதத்தில் இன்னும் தளர்வாக இருப்பதைப் பார்த்து "வைரஸ் தொடர்ந்து தூண்டுகிறது" என்று கதை கட்ட வேண்டாம். பிரசவத்தோடு ஆன்டி டி இம்யூனோகுளோபுலினோ (ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குப் போடுவது) ரத்தமோ ஏற்றியிருந்தால் அதிலிருக்கும் வேற்று ஐ.ஜி.ஜி. கணக்கைக் குழப்பும், அதையும் கேட்டுக்கொள்ளுங்க.

இப்போ மாதிரி எடுப்பது.

மூட்டுநீர் எடுத்தால் மூன்று பங்காகப் பிரியுங்க. முதல் பங்கு நுண்ணுயிர் வளர்ப்புக்கும் கிராம் சாயத்துக்கும். அதைத் தள்ளிப்போடவே கூடாது, ஒற்றை முழங்கால் வீக்கத்தில் சீழ் மூட்டைத் தவறவிட்டால் மூட்டே போகும். இரண்டாவது செல் எண்ணிக்கைக்கும் படிகத்துக்கும். மூன்றாவது பி.சி.ஆருக்கு (மரபணுப் பொருளைப் பெருக்கித் தேடும் சோதனை), கட்டாயம் ஈ.டி.டி.ஏ. என்ற உறைவுத்தடுப்பான் உள்ள குழாய். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் ஹெப்பாரினே பி.சி.ஆரை அடக்கிவிடும், நெகட்டிவ் வரும், நாமும் வைரஸ் இல்லை என்று நிம்மதியாக எழுதிவிடுவோம்.

செல் எண்ணும்போது வழக்கமான வெள்ளணு நீர்ப்புக் கரைசலை ஊற்றாதீங்க. அதில் அசிட்டிக் அமிலம் இருக்கு. மூட்டுநீரின் ஹயலுரானிக் அமிலம் உடனே திரிந்து வெள்ளை நூலாகச் சுருண்டு, செல்களை அதற்குள் சுருட்டிக்கொள்ளும். எண்ணினால் 300 என்று வரும், உண்மை 6,000 ஆக இருக்கும். சாதாரண உப்புக்கரைசல் போதும். கன மில்லிமீட்டருக்கு 2,000க்கு மேல் அழற்சி, 50,000க்கு மேல் சீழ் என்று சந்தேகம். வைரஸ் மூட்டில் பெரும்பாலும் ஒற்றைக்கரு செல்கள் மிகுந்திருக்கும். நியூட்ரோஃபில் 90 சதவீதம் என்றால் திசை வேறு.

பி.சி.ஆருக்குப் போகும் பங்கு தேன் மாதிரி இழுக்கும், பிப்பெட்டில் அளவு பிசகும். ஹயலுரானிடேஸ் சேர்த்து 37 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீராகும். அப்படியும் தடுப்பான்கள் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் சோதனை ஓடுகிறதா என்று காட்ட உள்கட்டுப்பாட்டு ஆர்.என்.ஏ. சேர்த்தே பிரித்தெடுக்கணும். அது தாமதமாக ஏறினால் மாதிரியை 5 மடங்கும் 10 மடங்கும் நீர்த்து மறுபடி ஓட்டுங்க. பிரித்தெடுத்ததைச் சிறு குழாய்களில் பங்கிட்டு மைனஸ் 70இல் வையுங்க. ஒரே குழாயை உருக்கி உறைய வைத்து விளையாடினால் இருக்கும் கொஞ்சமும் போகும்.

ருபெல்லா மரபணுத்தொகுதி சுமார் 9,760 எழுத்து நீளம். அதில் ஜி, சி எழுத்துகள் மட்டும் கிட்டத்தட்ட 70 சதவீதம். ஆர்.என்.ஏ. வைரஸ்களில் இது மிக உயர்ந்த விகிதம். தன்மேல் தானே மடிந்து கெட்டியாக நிற்கும், சாதாரண 42 டிகிரி தலைகீழ் படியெடுப்பில் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் படி) நொதி பாதி வழியில் கழன்றுவிடும். 50 டிகிரிக்கு மேல் தாங்கும் நொதி, கூடவே டி.எம்.எஸ்.ஓ. அல்லது பீட்டெய்ன் வேணும். மற்ற வைரஸுக்குப் பழகிய நெறிமுறையை அப்படியே வைத்து நெகட்டிவ் என்று அனுப்பும் ஆய்வகங்களைப் பார்த்து இதைத்தான் முதலில் கேட்கணும்.

ரத்தத்தில் தேடுவதானால் பிளாஸ்மாவில் தேடிப் பயனில்லை. அங்கே வைரஸ் சில நாள்தான் இருக்கும், எதிர்ப்பொருள் வந்ததும் துடைத்துவிடும். லிம்போசைட், மோனோசைட் உள்ள ஒற்றைக்கரு செல்களில்தான் பார்க்கணும். 8 முதல் 10 மில்லி ஈ.டி.டி.ஏ. ரத்தம், அறை வெப்பத்திலேயே சில மணி நேரத்துக்குள் ஃபைக்கால் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் கரைசல்) மேல் அடுக்கி, சுழற்றியில் 400 ஜி, 30 நிமிடம், பிரேக் போடாமல். பிரேக் போட்டால் அடுக்கு கலங்கும். ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் செல்கள் சரியாகப் பிரியாது, சிவப்பணு கலந்து வரும்.

கடைசியாக மாசு. தடுப்பூசி போடும் அறையிலேயே மாதிரியும் எடுத்தால், அல்லது ஆய்வகத்தில் பாசிட்டிவ் கட்டுப்பாட்டுக்குத் தடுப்பூசிக் குப்பியையே கரைத்து வைத்திருந்தால், வரும் பாசிட்டிவ் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசை பார்த்தாலும் ஆர்.ஏ. 27/3 என்றுதான் காட்டும், தேடினதும் அதைத்தான்! கட்டுப்பாட்டுக்கு வேறு மரபுவகை வைரஸின் ஆர்.என்.ஏ.வோ, நடுவில் அடையாளமாகச் சில எழுத்து மாற்றிய செயற்கை ஆர்.என்.ஏ.வோ வையுங்க.

---

மருந்துக்கண்காணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, வரிசை பார்க்க எந்தப் பகுதி? இரண்டு, ஆர்.என்.ஏ. இருந்தால் வைரஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருளா?

---

வைரஸ்கூடம் எழுதியது:

இ1 மரபணுவில் (வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றுக்கானது) 739 எழுத்துள்ள ஒரு சாளரம், உலக சுகாதார நிறுவனம் மரபுவகை பிரிக்க வைத்திருப்பது அதுதான். 8731 முதல் 9469 வரை. ஆர்.ஏ. 27/3 மரபுவகை 1ஏ. வைரஸ் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால் முழுச் சாளரமும் ஒரே துண்டாகப் பெருகாது, இரண்டு மூன்று சிறு துண்டாக உள்ளடுக்கு பி.சி.ஆரில் எடுத்து ஒட்டுங்க.

உயிரா என்ற கேள்விக்கு: ஆர்.என்.ஏ. மட்டும் போதாது. இரண்டு வழி. எதிர்மறை இழையைத் தேடலாம், வைரஸ் படியெடுக்கும்போதுதான் அது உருவாகும். ஆனால் படியெடுப்பில் பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) இல்லாமலே போலி இழை உருவாகும் தொல்லை உண்டு, வால் ஒட்டிய பிரைமர் வைத்துத்தான் செய்யணும். பிரைமரே போடாத ஒரு குழாயும் கூடவே ஓடணும். மற்றது வளர்ப்பு. வீரோ செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்) 35 டிகிரியில் ஒரு வாரம், பிறகு அடுத்த குடுவைக்கு மாற்றி இன்னொரு வாரம், மூன்று சுற்றாவது. ருபெல்லா வீரோ செல்லைச் சிதைத்துக் காட்டாது, நுண்ணோக்கியில் தட்டு சுத்தமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து நெகட்டிவ் போட்டுவிடாமல் இ1 புரதத்துக்கு ஒளிர்சாயம் போட்டுப் பாருங்க.

---

பழையஏடு எழுதியது:

ஆர்.என்.ஏ. கிடைத்தால் வழக்கு முடிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. இதே தவறில் இந்தத் துறை முப்பது ஆண்டு சுற்றியிருக்கிறது.

1969இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் ருபெல்லா ஊசிகளில் எச்.பி.வி. 77 என்ற வகை இருந்தது. குரங்குச் சிறுநீரகச் செல்லில் 77 முறை மாற்றி வளர்த்தது என்பதால் அந்தப் பெயர். அதை நாயின் சிறுநீரகச் செல்லில் மேலும் 12 முறை வளர்த்த டி.கே. 12 வடிவம் மூட்டுகளைப் படாதபாடு படுத்தியது. குழந்தைகளிலேயே வந்தது. காலையில் எழுந்ததும் முழங்காலின் பின்பக்கம் கடுக்கும், காலை நீட்ட முடியாமல் குழந்தை குந்தியபடி, முன்பாதத்தில் நடக்கும், பகலில் சரியாகிவிடும். சிலருக்கு இரவில் கை மரத்து எழுப்பும். இது மூட்டைவிட நரம்பு வேரில் வந்த தொல்லை என்று பிறகு புரிந்தது. அந்த வடிவம் 1970களிலேயே சந்தையை விட்டுப் போனது. 1979 முதல் அமெரிக்காவில் ஆர்.ஏ. 27/3 வந்தது. ஸ்டான்லி பிளாட்கின், விஸ்டார் நிறுவனத்தில், மனித டிப்ளாய்டு செல்லில் உருவாக்கியது. அதனால் 1970களின் கட்டுரைகளில் உள்ள சதவீதத்தை இன்றைய ஊசிக்கு ஒட்டாதீர்கள். படிவத்தில் இதை நிறையப் பேர் செய்கிறார்கள்.

வைரஸ் வகைக்கும் மூட்டுத் திசுவுக்கும் உண்மையான தொடர்பு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. செண்டெஹில் என்ற ஊசி வகை மனித மூட்டுச் செல்லில் நன்றாக வளர்வதில்லை, தெரியன் என்ற இயற்கை வகை நன்றாக வளரும். இரண்டையும் வெட்டி ஒட்டிப் பார்த்து எந்த மரபணுப் பகுதி மூட்டில் வளர விடுகிறது என்று தேடிய வேலைகூட நடந்திருக்கிறது.

1985இல் நாட்பட்ட மூட்டுவாதம் உள்ள 19 குழந்தைகளில் 7 பேரின் ஒற்றைக்கரு செல்களில் ருபெல்லா வைரஸ் கிடைத்ததாகக் கனடாக் குழு வெளியிட்டது. அதிலிருந்துதான் "வைரஸ் தங்கிவிடுகிறது" என்ற பேச்சு வலுத்தது. ஆனால் 1990களின் பிற்பாதியில் பி.சி.ஆர். வைத்துத் தேடிய மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. யார் செய்தது தப்பு என்று இன்று பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. வளர்ப்பின் நுணுக்கம், மாதிரியின் வயது, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதம் எல்லாமே வேறு.

என் கணக்கில் எடை அதிகம் 1997இல் வந்த ஒப்பீட்டுக்குத்தான். எதிர்ப்பொருள் இல்லாத, பிரசவம் முடிந்த 500க்கு மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்.ஏ. 27/3, மறுபாதிக்கு வெற்று ஊசி. உடனடி மூட்டுத் தொல்லை ஊசிக்காரர்களில் 30 சதவீதம், வெற்று ஊசிக்காரர்களில் 20 சதவீதம். நீடித்த அல்லது திரும்பத் திரும்ப வந்த தொல்லை 15 சதவீதம், 11 சதவீதம். முதல் வித்தியாசம் தெளிவானது. இரண்டாவது புள்ளியியல் எல்லையில் தொங்குகிறது. வெற்று ஊசிப் பக்கத்தில் அந்த 20 சதவீதத்தைக் கவனியுங்கள். பிரசவித்த பெண்களுக்கு ஊசியில்லாமலே நூற்றுக்கு இருபது பேருக்கு மூட்டு பேசுகிறது! அதே 1997இல் அமெரிக்காவில் பெரிய அளவில் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஆய்வில் நாட்பட்ட மூட்டுநோய் ஊசி போட்டவர்களில் கூடவில்லை.

அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1991இல் நாட்பட்ட மூட்டுவாதத்துக்கும் ஊசி காரணமாக இருக்கலாம் என்ற பக்கம் லேசாகச் சாய்ந்தது. 2012இல் அதே நிறுவனம், தற்காலிக மூட்டுவலிக்கு ஆம், பெண்களில் நாட்பட்ட மூட்டுவாதத்துக்குச் சான்று போதாது என்று நிறுத்திக்கொண்டது. ஊசியால் பாதிக்கப்பட்டோருக்கான அமெரிக்க இழப்பீட்டுப் பட்டியலில் மட்டும் 7 முதல் 42 நாளுக்குள் தொடங்கும் நாட்பட்ட மூட்டுவாதம் இருக்கிறது. அது சட்டத்தின் சலுகைக் கணக்கு. அதை அறிவியல் தீர்ப்பாகப் படிவத்தில் மேற்கோள் காட்ட வேண்டாம்.

தங்குவதும் நோய் செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு மேலே சொன்ன பார்வோவைரஸே சாட்சி. 1997இல் பின்லாந்தில், மூட்டுவாதம் உள்ள இளையோரின் மூட்டுச் சவ்விலும், அடிபட்டதால் அறுவை செய்யப்பட்ட, மற்றபடி ஆரோக்கியமானவர்களின் சவ்விலும் பி19 டி.என்.ஏ. தேடினார்கள். ஆரோக்கியமானவர்களிடம்தான் அதிகம் கிடைத்தது. உங்கள் நோயாளியின் மூட்டுநீரில் ருபெல்லா ஆர்.என்.ஏ. கிடைத்தால், ஊசி போட்டு மூட்டு நன்றாக இருக்கும் பெண்ணின் மூட்டுநீரில் அது இல்லை என்று யார் காட்டினார்கள் என்ற கேள்வி உடனே எழும். வீங்காத மூட்டில் யாரும் ஊசி குத்துவதில்லை.

---

முடக்குவாதப்பிரிவு எழுதியது:

பழையஏடு சொன்னதில் ஒரு திருத்தம், முரண்பாடு என்றும் வைத்துக்கொள்ளலாம். "தங்குகிறது" என்பதே சந்தேகம் என்ற தொனி வந்துவிடக் கூடாது. நோய் எதிர்ப்பமைப்பில் பிறவிக் குறை உள்ளவர்களில் ஆர்.ஏ. 27/3 தங்குவது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா, ஆர்.ஏ.ஜி. மரபணுக் குறைபாடு போன்ற பிறவி எதிர்ப்புக்குறை நோய்கள் உள்ளவர்களுக்குத் தோலில் கெட்டியான, சிவந்த, ஆறாத புண்முடிச்சுகள் வருகின்றன. பல சமயம் ஊசி போட்ட கையிலேயே தொடங்கும். அங்கிருந்து எடுத்த திசுவின் மேக்ரோஃபேஜ்களில் ஊசி வைரஸ், வருடக்கணக்கில் மாற்றங்கள் சேர்ந்த வடிவில், வளர்க்கக்கூடிய உயிரோடு கிடைத்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கே அது குடியிருப்பது தோலில்.

இதிலிருந்து உங்கள் படிவத்துக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. நோயாளிக்கு அடிக்கடி நிமோனியா, ஆறாத தோல் முடிச்சு, குடும்பத்தில் எதிர்ப்புக்குறை என்று ஏதாவது இருந்தால் இம்யூனோகுளோபுலின் அளவும் லிம்போசைட் வகைக் கணக்கும் பாருங்கள். அப்படிப்பட்டவருக்குத்தான் வைரஸ் தேடும் செலவு நியாயம். மற்றவர்களுக்கு ஆன்டி சி.சி.பி. முதலில்.

ருபெல்லா அல்லாத ஒன்றும் தெரிந்திருக்கட்டும். எபோலாவுக்கான ஆர்.வி.எஸ்.வி. ஊசியும் உயிருள்ள, பெருகும் வைரஸ். 2014 டிசம்பரில் ஜெனீவாவில் அதன் சோதனையை மூட்டழற்சி காரணமாகச் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். அங்கே ஐந்தில் ஒருவருக்கு மேல் மூட்டு வீங்கியது, இரண்டாவது வாரத்தில். சிலரின் மூட்டுநீரிலேயே ஊசி வைரஸின் ஆர்.என்.ஏ. கிடைத்தது. ஊசி வைரஸ் மூட்டுக்குப் போக முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில நாள், சில வாரத்தில் தணிந்தது. போவது, தங்குவது, கெடுப்பது மூன்றையும் தனித்தனியே நிறுவ வேண்டும். செயலிழந்த ஊசி, புரத ஊசி, எம்.ஆர்.என்.ஏ. ஊசி எதிலும் பெருகும் வைரஸ் கிடையாது. அவற்றுக்குப் பிறகு மூட்டு வீங்கினால் "வைரஸ் தங்கியது" என்ற தலைப்பே பொருந்தாது.

சிகிச்சை: வைரஸ் தடுப்பு மருந்து எதுவும் இதற்கு இல்லை. பாலூட்டும் தாய் என்றால் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, நாளுக்கு மூன்று வேளை, முதலில் ஒரு வாரம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பிரசவ ரத்த அழுத்தம் உள்ளவருக்கு முன்யோசனையோடு. நேப்ராக்சன் நீண்ட நேரம் நிற்கும், அதனால் பாலூட்டும்போது இரண்டாவது இடம். சீழ் மூட்டு இல்லை என்று வளர்ப்பு சொல்லும்வரை ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். ஆன்டி சி.சி.பி. முடிவுக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வற்றும், "ஊசியால் வந்தது, போய்விட்டது" என்று எல்லோரும் கலைவார்கள், ஆறு மாதம் கழித்து எலும்பு அரிப்போடு அதே நோயாளி வருவார்.

இரண்டாவது டோஸ்: முதல் டோஸில் எதிர்ப்பொருள் வந்துவிட்டால் மூட்டுத் தொல்லை திரும்ப வருவது அரிது, காரணம் முன்னே சொன்னதுதான். பழைய மூட்டுவலி தடை இல்லை. கர்ப்பம், கடுமையான எதிர்ப்புக்குறை, முந்தைய கடும் ஒவ்வாமை இவைதான் தடை. வீக்கம் இன்னும் இருக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். ருபெல்லாவுக்கு ஒரு டோஸே 95 சதவீதத்துக்கு மேல் வேலை செய்யும், இரண்டாவது பெரும்பாலும் தட்டம்மை, பொன்னுக்குவீங்கிக்காகத்தான்.

---

பழையஏடு எழுதியது:

திருத்தத்தை ஏற்கிறேன். "மூட்டில் தங்குவது" என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

படிவத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் காரணத் தொடர்பு வகைப்பாட்டில், எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு 18ஆம் நாள் தொடங்கி மூன்று வாரத்தில் அடங்கிய மூட்டழற்சி என்றால் ஏ1, அதாவது ஊசிப் பொருளால் வந்தது. ஆன்டி சி.சி.பி. உயர்ந்து, இரண்டு மாதமாக நீடித்து, அழற்சி தொடர்கிறது என்றால் சி, தற்செயல் ஒத்திசைவு என்ற பக்கம் நிற்கும். எல்லாப் பரிசோதனையும் நெகட்டிவ், நாள் கணக்கு மட்டும் பொருந்துகிறது, ஆனால் நீடிக்கிறது என்றால் பி1. கர்ப்பகாலத் தாளும் இல்லை, அவிடிட்டியும் பார்க்கவில்லை என்றால் வகைப்படுத்த முடியாதது என்று விட்டுவிட்டுத் தகவல் கேட்டு எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

"வைரஸ் நிலைத்திருப்பதால்" என்ற சொல்லைக் காரணப் பெட்டியில் எழுதாதீர்கள். வைரஸ் தேடியிருந்தால் "ஆய்வக முடிவு" பெட்டியில் எந்த மாதிரி, எந்த நாள், எந்த முறை, வரிசை எது என்று எழுதுங்கள். தொகுதி எண், கரைப்பான் தொகுதி எண் இரண்டும் தனித்தனியாக. குத்திய கை எது, தோலடியா தசையா, முன்பு போட்ட டோஸ் தேதி, ஆன்டி டி போட்ட தேதி, மூட்டு ஒவ்வொன்றும் வீங்கத் தொடங்கிய நாள், இறங்கிய நாள். "கை கால் வலி" என்று ஒரே வரியில் வந்த படிவத்தை எந்த வகையிலும் போட முடியாது.

---

மருந்துக்கண்காணி எழுதியது:

உதாரணமாக எழுதியது போலவே ஒரு படிவம் கையில் இருக்கிறது. கர்ப்பகால ருபெல்லா ஐ.ஜி.ஜி. "நெகட்டிவ்" என்று மட்டும் இருக்கிறது, எண் இல்லை. ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ், ஆன்டி சி.சி.பி. பார்க்கவில்லை. ஐ.ஜி.எம். எந்த வகை எலைசா என்று எழுதவில்லை. முதலில் மீதமுள்ள சீரத்தில் ஆன்டி சி.சி.பி.யும் கேப்ச்சர் ஐ.ஜி.எம்.மும் கேட்டு அனுப்புகிறேன். மூட்டுநீரை இப்போதைக்குத் தொட வேண்டாம், சரிதானே?

---

வைரஸ்கூடம் எழுதியது:

சரி. சீரம் எத்தனை முறை உருகியது என்று மட்டும் கேட்டுக்கோங்க. கர்ப்பகால ரத்தத்தில் மீதி உறைவறையில் இருந்தால் அதையும் சேர்த்து ஒரே தட்டில், ஒரே நாளில் ஓட்டச் சொல்லுங்க. தனித்தனி நாளில், தனித்தனி கிட்டில் வந்த இரண்டு எண்ணை ஒப்பிடவே முடியாது.

---

முடக்குவாதப்பிரிவு எழுதியது:

முழங்கால் தனியாக, சிவந்து, காய்ச்சலோடு வீங்கினால் மட்டும் அன்றே நீர் எடுக்கச் சொல்லுங்கள். மற்றபடி ஆன்டி சி.சி.பி. வரட்டும்.